எல்லையோரக் குறிப்புகள்: மீன் குழம்பின் மேல் பழி



சென்ற இதழில் பாலராமபுரத்துத் தறிகளைப் பற்றி எழுதியபோது, அடுத்த மாதம் நெய்யாற்றங்கரையோரத்து வாழைத் தோட்டங்களைப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தேன். அந்த வாக்கை இம்மாதம் காப்பாற்ற இயலவில்லை. நம் வீட்டு அடுக்களையைப் பற்றிய விஷயம் ஒன்று இடையே வந்து நின்றுவிட்டது.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என் மைத்துனன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். அக்காளைப் பார்ப்பதற்கென ஆண்டுக்கு இருமுறை பாறசாலையில் இறங்குவது அவன் வழக்கம். மாமியாரும் அப்போது எங்களுடன் இருந்தார். மகன் வருகிறான் என்று விடியற்காலையிலேயே சாளை வாங்கிவரச் சொல்லி, குடம்புளியை ஊறவைத்து, மண்சட்டியில் குழம்பு கூட்டிவிட்டார். ஒரு பக்கம் மரச்சீனி வெந்துகொண்டிருந்தது. மறுபக்கம் காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் அம்மியில் நசுங்கிக்கொண்டிருந்தன. அதன்மேல் தேங்காயெண்ணெய் ஊற்றும் மணம் தெருவரைக்கும் வந்தது.

இலை போட்டு உட்கார்ந்தோம். மைத்துனன் தன் பையிலிருந்து குளிர்ந்த பியர்ப் புட்டிகள் இரண்டை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தான். என் மூத்த பையன், பத்து வயதுக்காரன், புட்டியில் வியர்த்திருந்த நீர்த்துளிகளை விரலால் தொட்டுப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் முகம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

“அத்தான், இதை மது என்று நினைக்க வேண்டாம். இது சாப்பாட்டுக்குத் துணை. நம் மீன் குழம்பின் காரத்துக்கு இதைவிட ஏற்றது வேறில்லை. இலண்டனிலும் இந்தியச் சாப்பாடென்றால் இதைத்தான் குடிக்கிறார்கள்” என்றான்.

அடுக்களையிலிருந்த மாமியாரின் காதில் மற்றது எதுவும் விழவில்லை. மீன் குழம்பு என்ற சொல் மட்டும் விழுந்தது. கரண்டியோடு வெளியே வந்து, “என் குழம்பு என்ன செய்தது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று யாரும் விடை சொல்லவில்லை. அதற்குத்தான் இம்மாதக் குறிப்பு. மதுவிலக்கைப் பற்றி நம் சங்க மேடையில் பேசாதவர் இல்லை. மீண்டும் அதைப் பேசப் போவதில்லை. பியர் காரத்தைத் தணிக்கிறது, ஆகவே நம் உணவே அதைக் கேட்கிறது என்ற வாதம் மெய்தானா என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில் இலையில் இருந்தவற்றைக் கவனிக்க வேண்டும். ‘நம் முன்னோர் உணவு’ என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் மரச்சீனியும் மிளகாயும் நம் மண்ணில் தோன்றியவை அல்ல. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. திருவிதாங்கூரில் மரச்சீனியை மக்களின் உணவாகப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், 1942-ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, இந்தப் பக்கத்து ஏழைகளின் வயிற்றைக் காத்தது அந்தக் கிழங்குதான். மிளகாயோ போர்த்துக்கீசியரின் கப்பல்களில் பதினாறாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது.

அதற்குச் சான்று தேடி ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை; நம் பேச்சிலேயே இருக்கிறது. விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் பிறந்து இங்கே குடியேறியவர்கள் இன்றும் கறுப்பு மிளகை ‘நல்லமிளகு’ என்றுதான் சொல்கிறார்கள். நெய்யாற்றின்கரை மலையாளியும் அப்படியே சொல்கிறார். புதிதாக வந்த சிவப்புக் காய் மிளகின் பெயரைப் பறித்துக்கொண்டது. பழைய மிளகு தன்னை அடையாளம் காட்ட ‘நல்ல’ என்ற அடைமொழியைச் சேர்த்துக்கொள்ள நேர்ந்தது. வந்தேறியவர் வீட்டுக்காரர் ஆவதும், வீட்டுக்காரர் தம் பெயரோடு ஒரு சான்றிதழைச் சேர்த்துக்கொள்வதும் நம்மைப் போன்ற எல்லையோரக் குடும்பங்களுக்குப் புதிய செய்தி அன்று!

ஆகவே பியர் வெளிநாட்டுப் பானம் என்ற ஒரே காரணத்தால் அதைத் தள்ள எனக்கு நியாயமில்லை. மிளகாய் வந்தது, பியரும் வரட்டும் என்று மைத்துனன் வாதாடினால் அதில் பொருள் உண்டு. ஆனால் மிளகாய் தன் வேலையைச் செய்கிறது. பியர் செய்வதாகச் சொல்லப்படும் வேலையைச் செய்கிறதா?

இன்று கடைகளில் விற்கும் மஞ்சள் நிறப் பியருக்கு லாகர் என்று பெயர். ஜெர்மானிய மொழியில் அச்சொல்லுக்குச் சேமித்து வைத்தல் என்று பொருள். குளிர்ந்த நிலவறைகளில் வாரக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்தியதால் அப்பெயர் வந்தது. இப்போது செக் குடியரசில் உள்ள பில்சன் நகரத்தில், பவேரியாவிலிருந்து வந்த ஜோசப் குரோல் என்ற வடிப்பாளர் 1842-ஆம் ஆண்டில் பொன்னிற லாகரை வடித்தார். அந்நகரத்து உணவு பன்றியிறைச்சியும் மாவுருண்டையும். காந்தாரி மிளகாயை அவர்கள் கனவிலும் கண்டதில்லை.

பிறகு அது காரத்தோடு சேர்ந்தது எப்படி? மைத்துனன் சொன்ன இலண்டனில்தான். அங்கே ரீஜென்ட் வீதியில் 1926-இல் தொடங்கிய வீராசாமி உணவகத்துக்கு டென்மார்க்கு இளவரசர் ஒருவர் வந்து உண்டு மகிழ்ந்து, ஆண்டுதோறும் கார்ல்ஸ்பர்க் பியரைப் பீப்பாயில் அனுப்பிவைத்தார் என்றொரு கதை வழங்குகிறது. கதை கதையாகவே இருக்கட்டும். மெய்யான காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. 1960-களிலும் 70-களிலும் அந்நாட்டு மதுக்கடைகள் இரவு பதினொரு மணியளவில் கதவடைத்துவிடும். உணவோடு சேர்த்து வழங்குவதானால் மட்டும் அதன் பின்னரும் சிறிது நேரத்துக்குச் சட்டம் இடங்கொடுத்தது. அந்த வேளையில் விளக்கெரிந்த உணவகங்கள் இந்தியப் பெயர் தாங்கியவை. அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் வங்காளத்துச் சில்ஹெட் பகுதியிலிருந்து பிழைக்கச் சென்ற குடும்பத்தினர். குடித்துவிட்டு வந்தவன் மேலும் குடிக்க வேண்டுமானால் குழம்பு வாங்கியாக வேண்டும். நாக்கு கேட்டு நடந்த திருமணம் அன்று அது. நேரமும் சட்டமும் சேர்த்து வைத்தது.

இன்னொரு செய்தியும் சுவையானது. ஐதராபாத்தில் பிறந்த கரன் பிலிமோரியா 1989-இல் இலண்டனில் கோப்ரா என்ற பியரைத் தொடங்கினார். தொடக்கத்தில் அது பெங்களூரிலேயே வடிக்கப்பட்டு அனுப்பப்பட்டது. இந்திய உணவுக்கென்றே தனியாக ஒரு பியர் எதற்கு? வழக்கமான லாகரில் வாயு மிகுதி, காரச் சாப்பாட்டோடு குடித்தால் வயிறு உப்பி உண்ண முடியாமற் போகிறது என்பதே அவர் சொன்ன காரணம். காரத்துக்கு என்று பியர் விற்கப் புறப்பட்டவரே சாதாரண லாகர் காரத்துக்கு ஆகாது என்று தொடங்கினார் அன்றோ!

இனி வாய்க்குள் நடப்பதைப் பார்ப்போம். நான் பள்ளியிறுதி வகுப்போடு நின்றவன். படித்தறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் என்ற பொருள் உண்மையில் வாயைச் சுடுவதில்லை. சூட்டை உணர்வதற்கென்று நரம்பு நுனியில் உள்ள ஒரு வாயிலைத் திறந்துவிடுகிறது. மூளை, வாயில் நெருப்பு என்று நம்பிவிடுகிறது. இவ்வாயிலை 1997-இல் கண்டறிந்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் நீரில் கரையாது. எண்ணெயிலும் கொழுப்பிலும் கரையும். செறிவான சாராயத்திலும் கரையும்தான். ஆனால் லாகரில் நூற்றுக்கு ஐந்து பங்கோ எட்டுப் பங்கோதான் ஆல்கஹால், மற்றதெல்லாம் நீர். அது கேப்சைசினைக் கரைத்துக்கொண்டு போவதில்லை. வாய் முழுவதும் பரப்பிவிடுகிறது.

அதோடு நிற்கவில்லை. அந்த வாயில் சாதாரணமாக 42 பாகை அளவு சூட்டில் திறப்பது. ஆல்கஹால் பட்டால் 34 பாகை அளவிலேயே திறந்துகொள்கிறது என்று 2002-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. நம் உடம்பின் சூடு 37 பாகை. எஞ்சியது நுரை. அந்த வாயுவும் நாக்கின் வலி நரம்புகளைக் குத்துவதே. ஆக, குளிர்ச்சி ஒன்றுதான் பியர் தரும் ஆறுதல். புட்டி குளிர்ந்திருக்கும் வரையில், வாயில் மிடறு இருக்கும் வரையில் அது உண்மை. விழுங்கியதும் எரிச்சல் திரும்புகிறது. பச்சைத் தண்ணீரையும் அதே அளவு குளிரவைத்தால் அதே உதவியைச் செய்யும்.

அப்படியானால் எது தணிக்கும்? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் மிளகாய்ச் சத்துக் கலந்த தக்காளிச் சாற்றைக் கொடுத்துவிட்டுப் பலவகைப் பானங்களைச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டனர். பால் முன்னால் நின்றது. கொழுப்பெடுத்த பாலும் ஏறக்குறைய அதே அளவுக்கு உதவியது. வாயுப் பானங்களும், ஆல்கஹால் நீக்கிய பியரும் பின்தங்கின. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொண்டு போகிறது என்பர். அதே கேசீன் தயிரிலும் மோரிலும் இருக்கிறது. சாம்பார், இரசம், அதன்பின் மோர் என்று நம் இலையை முடிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவர்களுக்கு இந்தப் பெயர்கள் ஒன்றும் தெரியாது. காந்தாரிச் சம்மந்தியில் தேங்காயெண்ணெய் ஊற்றிய முதல் பாட்டிக்கும் தெரியாது.

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, காரத்தோடு குடித்தால் சுகம் என்று இத்தனை பேர் சொல்வானேன்? அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சக ஊழியர்கள் இருவரோடு எல்லைக்கு இப்பால் உள்ள ஒரு கள்ளுக்கடைக்குப் போயிருக்கிறேன். தமிழ்நாட்டில் 1987-ஆம் ஆண்டு முதல் கள்ளுக்குத் தடை. கேரளத்தில் உரிமம் பெற்ற ஷாப்புகள் உண்டு. ஆகையால் களியக்காவிளையைத் தாண்டி வருகிறவர்களும் பெஞ்சில் இருப்பார்கள். கள்ளைவிட ஷாப்புக் கறிக்குத்தான் பேர் அதிகம். வாயில் வைத்ததும் கண்ணில் நீர் வரும். உடனே ஒரு மிடறு. எரிச்சல் அடங்கியது போல் இருக்கும். மீண்டும் ஒரு துண்டு மீன், மீண்டும் ஒரு மிடறு. அன்று நான் குடித்தது எவ்வளவு என்று கணக்குக் கேட்டபோதுதான் தெரிந்தது. கறிக்காகக் குடித்தேனா, குடிக்காகக் கறி தின்றேனா என்று எனக்கே விளங்கவில்லை. கடைக்காரர் தொழிலில் மூடர் அல்லர். கறியில் உப்பும் காரமும் குறைந்தால் குடமும் மெல்லத்தான் காலியாகும்.

அங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. பியர் காரத்தைத் தணிப்பதில்லை. காரம் பியரை விற்கிறது.

பியர் தானே, அது என்ன செய்யும் என்பது இன்னொரு சொல். 2014-ஆம் ஆண்டில் கேரளத்தில் ஐந்து நட்சத்திர விடுதிகளைத் தவிர மற்ற பார்கள் மூடப்பட்டபோது, அவற்றில் பல ‘பியர்–ஒயின் பார்லர்’ என்ற பலகையோடு மீண்டும் திறந்தன. 2017-இல் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. ஆனால் பியர் என்றால் அரை மது, ஏறக்குறைய சோடா என்ற எண்ணம் பலர் மனத்தில் தங்கிவிட்டது. பயணச்சீட்டு ஜன்னலில் உட்கார்ந்து சில்லறை எண்ணிப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டேன். பெரிய புட்டி 650 மில்லி. நம் நாட்டில் அதிகம் விற்பது ‘ஸ்ட்ராங்’ வகை. அதில் நூற்றுக்கு எட்டு வரை ஆல்கஹால். ஆக, 52 மில்லி. பிராந்தியில் ஒரு ‘லார்ஜ்’ என்பது 60 மில்லி, நூற்றுக்கு 42.8 பங்கு, அதாவது ஏறக்குறைய 26 மில்லி. ஒரு புட்டி ஸ்ட்ராங் பியர் குடித்தவர் இரண்டு லார்ஜ் பிராந்தி குடித்தவர்தாம். மைத்துனன் கொண்டுவந்தவை இரண்டு புட்டிகள். மத்தியானச் சாப்பாட்டில் நான்கு லார்ஜ் பிராந்தியை இலைக்குப் பக்கத்தில் வைக்க அவனுக்கே மனம் வந்திராது.

இவ்வளவு நீட்டி எழுதுவதற்கு என் மைத்துனன் மட்டும் காரணம் அன்று. எங்கள் குடியிருப்பில் முன்பு ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. வீட்டுக்காரர் நல்ல உழைப்பாளி. யாரிடமும் உரக்கப் பேசியறியாதவர். வெளியே போய்க் குடிக்க மாட்டார். இராச்சாப்பாட்டோடு பியர் மட்டும்தான் என்பார். ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு அந்த வீட்டில் நெத்தோலி வறுபடும் வாசனை வரும். கைமணம் உள்ள அம்மாள் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். பிறகுதான் அந்த அம்மாள் என் மனைவியிடம் ஒருநாள் சொன்னாராம்: “காரமாக வறுத்துக் கொடுத்தால் வீட்டிலிருந்து குடிக்கிறார். கொடுக்காவிட்டால் கடைக்குப் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. தினமும் நானே வறுத்துக் கொடுக்கிறேன், அக்கா.”

பியர் மட்டும் என்பது எத்தனை நாள் பியராக இருந்தது என்பதை எழுத வேண்டியதில்லை. காமாலை என்று ஆரம்பித்தது. ஈரல் போய்விட்டது என்று முடிந்தது. அந்த அம்மாள் இரு குழந்தைகளுடன் பிறந்தகம் போய்விட்டார். புறப்படும் நாளில், தன் சமையல்தான் அவரைக் கொண்டுபோயிற்று என்று அழுதார். அவ்வாறு அழுதவரிடம் கேப்சைசினைப் பற்றியும் கேசீனைப் பற்றியும் சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்கும் நிலையில் அவர் இல்லை.

சொந்த ஊரானால் இது இவ்வளவு தூரம் மறைந்திருக்காது. மாமனோ பெரியப்பாவோ திண்ணையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்டிருப்பார். சித்தி அடுக்களைக்குள் வந்து சட்டியைப் பார்த்திருப்பார். பிழைக்க வந்த இடத்தில் நாலு சுவரும் நாமும்தான். பக்கத்து வீட்டுக்காரர் மொழி வேறாக இருந்தால் அவர் கேட்கத் தயங்குவார். நம்மவரானால் நாம் சொல்ல வெட்கப்படுவோம். கடையில் நடப்பது ஊருக்குத் தெரியும். சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் நடப்பது குழந்தைகளுக்கு மட்டும் தெரியும்.

மது அருந்துகிறவர் அருந்துவதாகவே சொல்லட்டும். அதில் ஒரு நேர்மையாவது இருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லவோ, குறை என்று சொல்லவோ மனைவிக்கும் தாய்க்கும் அப்போது வழியுண்டு. குழம்புக்குத் துணை என்று கொண்டுவந்தால், குழம்பு வைத்தவள் என்ன சொல்ல முடியும்?

இதை எழுதும்போது அக்கானியின் நினைவு வருகிறது. பனை பாளை விடும் காலத்தில் பாறசாலைச் சாலையோரத்தில் இன்றும் சிலர் கலயத்தோடு நிற்பார்கள். வடக்கே இதைப் பதநீர் என்பர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அக்கானி, தடவாவிட்டால் கள். பனை ஒன்று, ஏறுகிறவர் ஒருவர். என் பிள்ளைகள் அதைக் குடித்துவிட்டு உதட்டைத் துடைக்கும்போது ஒருவரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கதையை முடித்துவிடுகிறேன். மைத்துனன் ஒரு புட்டியைத் திறந்தான். காந்தாரிச் சம்மந்தியைச் சற்றுத் துணிந்து அள்ளிவிட்டான் போலும். இரண்டாவது கவளத்தில் காது சிவந்தது. ஒரு மிடறு குடித்தான், மறுபடி ஒரு மிடறு. மூக்கிலிருந்து நீர் வந்ததேயன்றி எரிச்சல் போகவில்லை. மாமியார் ஒன்றும் பேசாமல் மோர்ச் செம்பைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட மோர். அண்ணாந்து பாதிச் செம்பைக் காலி செய்துவிட்டு, “அம்மா, இன்னும் கொஞ்சம்” என்றான். என் பையன் சிரித்துவிட்டான். அவனுக்கு ஓர் அதட்டல் கிடைத்தது.

திறவாத புட்டி எங்கள் பிரிட்ஜில் மூன்று வாரம் இருந்தது. புளித்த மோரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவது என் மனைவியின் வழக்கம். ஒருநாள் காலையில் இதையும் திறந்து அதே செடிக்கு ஊற்றிவிட்டாள். செடிக்கு நன்மையும் இல்லை, கேடும் இல்லை. சித்திரையில் வருவதாக மைத்துனன் எழுதியிருக்கிறான். சாளைக் குழம்பில் காரத்தைக் குறைக்க வேண்டாம் என்று அம்மாவுக்குத் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறான்.

வாழைத் தோட்டங்கள் அடுத்த மாதம்.